கேமுக்காகப் பழைய ப்ராசஸர் வாங்குகிறீர்களா? ஒப்பிடும் முறை, படிப்படியாக

செகண்ட் ஹேண்ட் சந்தையில் "ஐ7 ப்ராசஸர், கேமிங் பிசி" என்று எழுதி வைத்தால் உடனே விற்றுவிடுகிறது. அது எந்த ஐ7 என்று கேட்பவர்கள் குறைவு. 2011-இல் வந்த ஐ7-2600 ஒரு ஐ7தான், 2017-இல் வந்த ஐ7-7700 இன்னொரு ஐ7தான். இரண்டுக்கும் நடுவே சாக்கெட் (போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடம்), ரேம் வகை, ஓடக்கூடிய விண்டோஸ் எல்லாமே மாறிவிட்டன. சென்னை ரிச்சி தெரு, பெங்களூரு எஸ்.பி. ரோடு, ஆன்லைன் விளம்பரம் என்று எங்கே வாங்கினாலும் சரி, பணத்தை எடுக்கும் முன் கீழே உள்ள வரிசையில் பாருங்கள். வரிசையை மாற்ற வேண்டாம். 4-ஆவது படியில் தோற்கும் ப்ராசஸருக்கு 5-ஆவது படியில் விலை பேசுவது வீண்வேலை.

1. எந்த கேம், எந்தத் திரை என்று முதலில் எழுதுங்கள்

"எல்லா கேமும் ஓடணும்" என்பது தேவை ஆகாது. அடுத்த ஓராண்டில் நீங்கள் உண்மையாகவே விளையாடப் போகும் நான்கைந்து கேம்களின் பெயரை எழுதுங்கள். பக்கத்தில் மானிட்டர் 60 ஹெர்ட்ஸா, 144 ஹெர்ட்ஸா என்று குறித்துக்கொள்ளுங்கள். 60 ஹெர்ட்ஸ் திரைக்கு ப்ராசஸர் ஒவ்வொரு ஃபிரேமையும் 16.7 மில்லி செகண்டுக்குள் தயார் செய்து கொடுத்தால் போதும். 144 ஹெர்ட்ஸ் என்றால் 6.9 மில்லி செகண்டுதான் கிடைக்கும். மானிட்டரை மாற்றினாலே ப்ராசஸர் தேவை இரட்டிப்புக்கு மேல் போகிறது. கிராபிக்ஸ் செட்டிங்கைக் குறைத்தால் கிராபிக்ஸ் கார்டின் சுமை நன்றாகக் குறையும், ப்ராசஸரின் சுமை அந்த அளவுக்குக் குறையாது. ப்ராசஸர் தேர்வில் கவனம் கூடுதலாக வேண்டும் என்பது இதனால்தான்.

எழுதிய கேம்களின் குறைந்தபட்சத் தேவையை அவற்றின் விற்பனைப் பக்கத்தில் பாருங்கள். எல்டன் ரிங் கேட்பது இன்டெலின் ஐ5-8400 அல்லது ஏஎம்டியின் ரைசன் 3 3300எக்ஸ். சைபர்பங்க் 2077 இப்போது கேட்பது ஐ7-6700 அல்லது ரைசன் 5 1600. பேட்டில்ஃபீல்ட் 6 கேட்பது ஐ5-8400 அல்லது ரைசன் 5 2600. இந்த வகை கேம்கள் உங்கள் பட்டியலில் இருந்தால் மூன்றாம், நான்காம் தலைமுறை இன்டெல் பக்கம் போகவே வேண்டாம். கவுன்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2, ஜிடிஏ 5-இன் பழைய பதிப்பு, எமுலேட்டரில் மொபைல் கேம் என்ற அளவில் இருந்தால் வழி நிறைய உண்டு.

2. பெயரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ஐ5, ஐ7 என்பது அந்தத் தலைமுறைக்குள் அதன் இடம் மட்டுமே. கோடுக்குப் பின்னால் வரும் எண்தான் தலைமுறையைச் சொல்லும்: 3470 மூன்றாவது, 4570 நான்காவது, 8400 எட்டாவது, 10100 பத்தாவது. நான்கு இலக்கம் இல்லாமல் ஐ5-650, ஐ7-860 என்று மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது முதல் தலைமுறை. அதைத் தொடாதீர்கள்.

கடைசி எழுத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள்.

எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. ஐ3-10100எஃப் வாங்கி, தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் ஆன் செய்தால் திரையில் எதுவும் வராது. ரைசனில் இது தலைகீழ்: 1000 முதல் 5000 வரையிலான வரிசையில் ஜி என்று முடிபவற்றில் மட்டும்தான் கிராபிக்ஸ் உண்டு. ரைசன் 5 2600, 3600 எல்லாவற்றுக்கும் தனி கார்டு வேண்டும். கடையில் சோதிக்கவும் ஒரு கார்டு வேண்டும்.

டி என்று முடிந்தால் மின்சாரம் குறைத்த வகை. ஐ5-6500 அதிகபட்சம் 3.6 கிகாஹெர்ட்ஸ் போகும், ஐ5-6500டி 3.1-ஐத் தாண்டாது. இதைவிட மோசமான பொறி ஒன்று உண்டு. ஐ5-3470 நான்கு கோர் (கோர் என்பது ப்ராசஸருக்குள் தனியாக வேலை செய்யும் ஒரு பகுதி). ஐ5-3470டி இரண்டே கோர். ஐ5-4570-க்கும் ஐ5-4570டி-க்கும் அதே கதைதான். விளம்பரத்தில் டி எழுத்தை விட்டுவிட்டு எழுதுவது சகஜம். ப்ராசஸரின் உலோக மூடியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

மூடியில் கான்ஃபிடென்ஷியல் என்று அச்சிட்டு, மாடல் எண்ணே இல்லாமல் இருந்தால் அது சோதனைக்காகத் தயாரித்த சாம்பிள். வேகம் குறைவாக இருக்கும், சில போர்டுகளில் ஓடாது, இன்டெல் வாரண்டியும் கிடையாது. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தவிர்த்துவிடுங்கள்.

3. கோர், த்ரெட், வேகம்: எதற்கு எவ்வளவு எடை

ஐ5-3470, ஐ5-4570, ஐ5-6500 மூன்றையும் அருகருகே வையுங்கள். மூன்றும் நான்கு கோர், நான்கு த்ரெட் (த்ரெட் என்பது ஒரே நேரத்தில் எடுத்துச் செய்யும் வேலை வரிசை). மூன்றின் வேகமும் 3.2 முதல் 3.6 கிகாஹெர்ட்ஸ். ஆனால் ஒவ்வொரு தலைமுறையும் ஒரே கிகாஹெர்ட்ஸில் முந்தையதைவிடச் சுமார் 5 முதல் 10 சதவீதம் கூடுதல் வேலை செய்கிறது. எனவே வெவ்வேறு தலைமுறைகளின் கிகாஹெர்ட்ஸை நேரடியாக ஒப்பிடக் கூடாது. ஒரே தலைமுறைக்குள் ஒப்பிடலாம்.

இந்த மூன்றுக்கும் பொதுவான குறை நான்கே த்ரெட் என்பது. இன்றைய கேம் என்ஜின்கள் வேலையை ஆறு, எட்டு த்ரெட்டுக்குப் பிரித்துக் கொடுக்கின்றன. நான்கு த்ரெட்டும் 100 சதவீதத்தில் நிற்கும்போது பின்னணியில் டிஸ்கார்டோ பிரவுசரோ சற்று அசைந்தாலும் ஃபிரேம் திக்கும். சராசரி 70 எஃப்பிஎஸ் (நொடிக்கு 70 ஃபிரேம்) என்று திரையில் காட்டிக்கொண்டே இருக்கும், கையிலோ கேம் விட்டு விட்டு ஓடும்.

ஆகவே ஒப்பிடும்போது பார்க்க வேண்டிய எண் சராசரி எஃப்பிஎஸ் அல்ல, 1 சதவீத லோ. மிக மெதுவான 1 சதவீத ஃபிரேம்கள் எந்த வேகத்தில் வந்தன என்பதை அது சொல்கிறது. சராசரி 75, 1 சதவீத லோ 25 என்று இருக்கும் ப்ராசஸரைவிட, சராசரி 62, லோ 48 தருவது விளையாட எவ்வளவோ மேல். 25 எஃப்பிஎஸ் என்றால் அந்த ஃபிரேம் 40 மில்லி செகண்ட் காத்திருந்தது என்று பொருள். கண்ணுக்கு அது தெரியும்.

என் அளவுகோல் இது: இன்று வாங்குவதாக இருந்தால் குறைந்தது நான்கு கோர் எட்டு த்ரெட், அல்லது ஆறு கோர். அதற்குக் கீழே போகாதீர்கள். ஐ7-3770, ஐ7-4770, ஐ7-4790, ஐ7-6700, ஐ3-10100எஃப், ஐ5-8400, ரைசன் 5 1600, 2600, 3600 எல்லாம் கோட்டுக்கு மேலே. ஐ5-3470, ஐ5-6500, ஐ3-8100, ரைசன் 3 1200, 2200ஜி கோட்டுக்குக் கீழே. இரண்டு கோர் மட்டும் உள்ள பென்டியம் ஜி4560 கணக்கிலேயே இல்லை.

சில ஜோடிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

ஐ7-7700-உம் ஐ3-10100எஃப்-உம்: இரண்டும் நான்கு கோர் எட்டு த்ரெட், அடிப்படை வேகம் 3.6, உச்சம் 4.2-உம் 4.3-உம். உள்ளே இருக்கும் கோர் வடிவமைப்பு கிட்டத்தட்ட ஒன்றே. கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) மட்டும் ஐ7-இல் 8 எம்பி, ஐ3-இல் 6 எம்பி. ஐ7 என்ற பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்க எந்தக் காரணமும் இல்லை. அந்தந்த சாக்கெட்டின் உச்ச வரிசை மாடல்களான ஐ7-3770, 4790, 7700-க்கு எப்போதும் விலை ஏற்றியே வைத்திருப்பார்கள். ஏற்கெனவே அந்த போர்டு வைத்திருப்பவர்கள் தேடி வாங்குவதால் வரும் விலை அது. புதிதாகத் தொடங்கும் நீங்கள் அதைக் கொடுக்கத் தேவையில்லை.

ஏஎம்டியின் பழைய எஃப்எக்ஸ்-8350: "எட்டு கோர், 4 கிகாஹெர்ட்ஸ்" என்று விற்பார்கள். இரண்டிரண்டு கோர்கள் ஒரே ஃப்ளோட்டிங் பாயின்ட் (தசமக் கணக்கு போடும்) பகுதியைப் பகிர்ந்துகொள்ளும் வடிவமைப்பு அது. ஒரு கோரின் வேகம் அதே காலத்து ஐ5-ஐவிட நன்றாகக் குறைவு. 125 வாட். அதையும் தாங்கும் போர்டு வேண்டும். எஃப்எக்ஸ்-6300-இன் வடிவமைப்பும் அப்படித்தான். தவிர்க்கவும்.

ரைசன் 3 3100-உம் 3300எக்ஸ்-உம்: இரண்டும் நான்கு கோர் எட்டு த்ரெட். 3100-இல் கோர்கள் இரண்டிரண்டாகப் பிரிந்து கிடக்கின்றன, 3300எக்ஸ்-இல் நான்கும் ஒரே கூட்டமாக, ஒரே கேஷைப் பகிர்ந்துகொண்டு இருக்கின்றன. கேமில் வித்தியாசம் தெளிவாகத் தெரியும்.

ரைசன் 5 5500-உம் 5600-உம்: எண்ணில் அருகருகே, கேஷில் பாதி. 5500-க்கு எல்3 கேஷ் 16 எம்பி, 5600-க்கு 32 எம்பி. கிராபிக்ஸ் கார்டு பேசும் பாதையான பிசிஐஇ-யும் 5500-இல் பழைய 3.0 மட்டுமே. விலை வித்தியாசம் சிறிதென்றால் 5600-க்குப் போங்கள்.

யூடியூபில் ஒப்பீட்டு வீடியோ பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 2018 ஜனவரிக்கு முந்தைய அளவீடுகளை நம்ப வேண்டாம். மெல்ட்டவுன், ஸ்பெக்டர் பாதுகாப்புக் குறைகளுக்கான திருத்தங்கள் அதன் பிறகே வந்தன. நான்காம் தலைமுறையும் அதற்கு முந்தையவையும் அதில் கூடுதலாக வேகம் இழந்தன. இரண்டு ப்ராசஸருக்கும் ஒரே கிராபிக்ஸ் கார்டு, ஒரே ரேம் வேகம், 1 சதவீத லோ எண் ஆகிய மூன்றும் காட்டாத வீடியோவையும் விட்டுவிடுங்கள். பின்னணியில் இரண்டு கேம் ஓட, மூலையில் எண்கள் மாறும் பெயரில்லா வீடியோக்கள் பலவற்றில் அந்த ப்ராசஸரே கையில் இருந்ததற்குச் சான்று இருக்காது.

4. கேமைத் தொடங்கவே விடாத தடைகள்

எஃப்பிஎஸ் குறைந்தால் செட்டிங்கைக் குறைக்கலாம். கீழே உள்ளவற்றுக்கு அந்த வழி கிடையாது.

ஏவிஎக்ஸ்2 (சில கேம்கள் கேட்கும் ப்ராசஸர் கட்டளைத் தொகுப்பு): நான்காம் தலைமுறை ஐ3, ஐ5, ஐ7 முதல் உண்டு. இரண்டாம், மூன்றாம் தலைமுறையிலும் எஃப்எக்ஸ்-8350-இலும் இல்லை. ரைசன் எல்லாவற்றிலும் உண்டு. இது இல்லாத ப்ராசஸரில் சில புதிய கேம்கள் திறந்த உடனே மூடிக்கொள்ளும். ஐ7-3770-ஐவிட ஐ7-4770-க்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுக்கலாம் என்று நான் சொல்ல இதுவே முதல் காரணம்.

விண்டோஸ்: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாகக் கேட்பது எட்டாம் தலைமுறை இன்டெல் அல்லது ரைசன் 2000 வரிசை, கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி. பழையவற்றில் சுற்றுவழியில் நிறுவலாம், ஆனால் பெரிய அப்டேட் வரும்போது தானாக வரும் என்று நம்ப முடியாது.

ஆன்டி-சீட் (ஏமாற்றி விளையாடுவதைத் தடுக்கும் மென்பொருள்): விண்டோஸ் 11-இல் வாலரன்ட் ஓட டிபிஎம் 2.0-உம், நம்பகமான மென்பொருளை மட்டுமே தொடங்கவிடும் செக்யூர் பூட்டும் வேண்டும். பேட்டில்ஃபீல்ட் 6-உம் இரண்டையும் கேட்கிறது. நான்காம் தலைமுறை ஆஃபீஸ் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் டிபிஎம் 1.2தான் இருக்கும். "டிபிஎம் இருக்கு சார்" என்று கடைக்காரர் சொல்வது உண்மையாகவே இருக்கும், பயன்தான் இருக்காது. விண்டோஸில் டிபிஎம் பதிப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். லினக்ஸுக்கு மாறினால் கவுன்டர் ஸ்ட்ரைக் 2 ஓடும், வாலரன்ட் ஓடாது.

5. தனி ப்ராசஸருக்கு அல்ல, மொத்த கூட்டணிக்கு விலை போடுங்கள்

ஒரு தாளில் நான்கு வரி எழுதுங்கள்: ப்ராசஸர், மதர்போர்டு, ரேம் 16 ஜிபி, கூலர். ஒவ்வொரு தேர்வுக்கும் இந்த நான்கின் கூட்டுத்தொகையை மட்டும் ஒப்பிடுங்கள். ஐ7-3770 தனியாக மலிவாகத் தெரியும். அதற்கு நல்ல நிலையில் எல்ஜிஏ 1155 சாக்கெட் போர்டு தேடும்போது கணக்கு மாறும்.

டிடிஆர்3 ரேம் போடும் பழைய இன்டெல் கூட்டணியின் மொத்த விலை, ரைசன் 5 2600 அல்லது 3600-ஓடு வரும் ஏஎம்4 சாக்கெட் கூட்டணியின் விலையில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால் ஏஎம்4-க்குப் போய்விடுங்கள். பழைய இன்டெல் சாக்கெட்டுகளில் மேலே ஏற இடமில்லை. ஏஎம்4-இல் இன்று 2600 போட்டு, பிறகு அதே போர்டில் 5600 போடலாம். ரேமையும் மாற்ற வேண்டாம். டிடிஆர்4 விலை அடிக்கடி ஏறி இறங்குகிறது. கணக்குப் போடும் அன்றைய விலையையே எழுதுங்கள், பழைய வீடியோவில் சொன்ன விலையை அல்ல.

போர்டு விஷயத்தில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள் இவை. ஐ3-8100, ஐ5-8400 எல்லாம் எல்ஜிஏ 1151தான், ஆனால் எச்110, பி250 போர்டில் ஓடாது. எச்310, பி360, பி365, இசட்370 போன்ற 300 வரிசை போர்டு வேண்டும். எச்81 போர்டில் ஐ5-4590, ஐ7-4790 போட பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் தேவைப்படலாம். எச்61-இல் மூன்றாம் தலைமுறைக்கும் அப்படியே. ஏஎம்4-இல் பி350, பி450 போர்டு வாங்கி 5600 போடுவதாக இருந்தால், பழைய ரைசன் இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்து தரச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு அதற்காக ஒரு பழைய ப்ராசஸரைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

எச்61, எச்81 போர்டுகள் அறியாத பெயர்களில் இன்றும் புதிதாக விற்கின்றன. மின்சாரம் வழங்கும் பகுதி அவற்றில் மெலிந்தது. 95 வாட் ஐ7-2600-ஐ அதில் போட்டால் சூடேறி வேகம் குறையும்.

ரேம் எப்போதும் ஜோடியாக. 16 ஜிபி ஒற்றைக் குச்சியைவிட 8 ஜிபி இரண்டு. ஒற்றைக் குச்சியில் ரேமின் பாதை பாதியாகிறது, 1 சதவீத லோதான் முதலில் அடி வாங்கும். ரைசனுக்கு 3200 வேக ரேம் வாங்கி, பயாஸில் எக்ஸ்எம்பி-யை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்) ஆன் செய்ய மறக்காதீர்கள். ஆன் செய்யாவிட்டால் 2133 அல்லது 2400-இலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

மின்சாரமும் செலவுதான். 125 வாட் ப்ராசஸருக்கும் 65 வாட் ப்ராசஸருக்கும் வித்தியாசம் 60 வாட் என்று வைத்துக்கொண்டு, தினம் நான்கு மணி நேரம் முழுச் சுமையில் ஓடினால் மாதம் 7.2 யூனிட். தமிழ்நாட்டின் இரண்டு மாத பில்லில் 14.4 யூனிட்.

6. ஆஃபீஸ் டவர் வாங்குகிறவர்களுக்கு

டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் டவர்கள் நிறுவனங்களிலிருந்து மொத்தமாக வெளியே வருகின்றன. போர்டு, ப்ராசஸர், ரேம், கேபினட் எல்லாம் ஒன்றாகக் கிடைப்பதால் குறைந்த பட்ஜெட்டுக்கு நல்ல வழி. இரண்டு நிபந்தனை.

முதலாவது, பெரிய டவராக இருக்க வேண்டும். சின்ன கேபினட்டில் பாதி உயர கிராபிக்ஸ் கார்டு மட்டுமே நுழையும். அந்த வகை கார்டு அரிது, விலையும் அதிகம்.

இரண்டாவது, எஸ்எம்பிஎஸ், அதாவது மின்சாரம் கொடுக்கும் பெட்டி. ஆப்டிபிளெக்ஸ் 9020 டவரில் இருப்பது 290 வாட். போர்டுக்கான இணைப்பு வழக்கமான 24 பின் அல்ல, 8 பின். எலைட்டெஸ்க் 800 ஜி1-இல் 6 பின். சாதாரண எஸ்எம்பிஎஸ் மாற்ற தனி அடாப்டர் கேபிள் வேண்டும். அதன் விலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எஸ்எம்பிஎஸ் மாற்றப் போவதில்லை என்றால் ஜிடிஎக்ஸ் 1650-இல் தனி மின் இணைப்பு கேட்காத 75 வாட் வகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சாட்டா இணைப்பிலிருந்து 6 பின் எடுக்கும் மலிவு கேபிளைப் போடவே போடாதீர்கள். சாட்டா இணைப்பு 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட், 6 பின் இழுக்கக்கூடியது 75 வாட். பிளாஸ்டிக் உருகும், தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

7. கிராபிக்ஸ் கார்டோடு பொருத்துங்கள்

ப்ராசஸர், போர்டு, ரேம் மூன்றும் சேர்ந்து மொத்த பட்ஜெட்டில் 40 சதவீதத்தைத் தாண்டாமல் பாருங்கள். மீதியில் பெரும்பங்கு கார்டுக்கு. ஐ7-3770, 4790-க்கு ஆர்எக்ஸ் 580, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் அளவு போதும். ரைசன் 5 3600-க்கு ஆர்எக்ஸ் 6600 வரை போகலாம்.

பழைய போர்டில் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, 6400 போடாதீர்கள். அவற்றில் நான்கே பிசிஐஇ பாதைகள், 3.0 போர்டில் வேகம் வெகுவாகக் குறையும். இன்டெல் ஆர்க் கார்டுகளும் வேண்டாம். ரீசைசபிள் பார் (கார்டின் நினைவகம் முழுவதையும் ப்ராசஸர் ஒரே நேரத்தில் அணுகும்) வசதி இல்லாத பழைய போர்டில் அவை திணறும். டைரக்ட்எக்ஸ் 12 கேம்களில் என்விடியா டிரைவர் ப்ராசஸர் மேல் கூடுதல் சுமை வைக்கிறது. ஒரே விலையில் ஒரே அளவு கார்டு இரண்டு கிடைத்தால், மெதுவான ப்ராசஸருக்கு ஏஎம்டியின் ரேடியானே (ஆர்எக்ஸ் கார்டுகள்) பொருத்தம்.

8. கடையிலேயே ஒரு மணி நேரச் சோதனை

பென்டிரைவில் சிபியு-இசட், ஜிபியு-இசட், எச்டபிள்யுஇன்ஃபோ, சினிபெஞ்ச் ஆர்23 என்ற நான்கு சோதனை மென்பொருள்களையும் எடுத்துப் போங்கள். அவசரப்படுத்தும் கடையில் வாங்க வேண்டாம்.

முதலில் கண்ணால் பாருங்கள். ஏஎம்4 ப்ராசஸரில் பின்கள் ப்ராசஸரின் அடியில் இருக்கும், இன்டெலில் போர்டின் சாக்கெட்டில். மொபைல் டார்ச்சைச் சாய்வாக அடித்தால் வளைந்த பின் வரிசை தவறித் தெரியும். போர்டில் கெப்பாசிட்டர் தலை உப்பியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஆன் செய்த பின் சிபியு-இசட்டில் மாடல் எழுத்து, கோர், த்ரெட் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். ரேமை எல்லா ஸ்லாட்டிலும் மாற்றி மாற்றிப் போட்டு ஆன் ஆகிறதா என்று பாருங்கள். சாக்கெட்டில் ஒரு பின் வளைந்திருந்தால் பெரும்பாலும் ஒரு ரேம் ஸ்லாட் வேலை செய்யாமல் போவதாகத்தான் அது வெளிப்படும். கிராபிக்ஸ் கார்டு முழுப் பாதையில் ஓடுகிறதா என்பதை ஜிபியு-இசட்டில், கார்டுக்குச் சுமை கொடுத்துக்கொண்டே பாருங்கள்.

பிறகு சினிபெஞ்ச் 10 நிமிடம். வெப்பம் 85 டிகிரிக்குள் நிற்க வேண்டும், வேகம் கடைசி நிமிடம் வரை விழாமல் இருக்க வேண்டும். 90-ஐத் தாண்டினால் பெரும்பாலும் காய்ந்த தெர்மல் பேஸ்ட்தான் காரணம். புதிதாகப் போட்டு மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். ஏஎம்4-இல் கூலரைக் கழற்றும்போது சூடாக இருக்கும்போதே இடம் வலமாக மெல்லத் திருகிவிட்டு எடுக்க வேண்டும். நேராக இழுத்தால் ப்ராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும், பின் வளையும்.

9. பில், வாரண்டி, முதல் வாரம்

பில்லில் இருக்க வேண்டியவை: எழுத்தோடு சேர்ந்த முழு மாடல் எண், ப்ராசஸர் மூடியிலும் போர்டிலும் உள்ள சீரியல் எண், டெஸ்டிங் வாரண்டி எத்தனை நாள், பழுதானால் பணமா மாற்றுப் பொருளா. வாயால் சொன்ன வாரண்டிக்கு மதிப்பில்லை. வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் கடையின் முத்திரையும் தேதியும் கேளுங்கள். தனிநபரிடம் வாங்கினால் அவருடைய பழைய பில்லை வாங்கிவிடுங்கள்.

பெட்டியோடு விற்ற ப்ராசஸருக்கு இன்டெலும் ஏஎம்டியும் 3 ஆண்டு வாரண்டி தருகின்றன. "இன்னும் வாரண்டி இருக்கு" என்று சொன்னால், இன்டெல் தளத்தில் பேட்ச் எண்ணையும் சீரியல் எண்ணையும் அங்கேயே போட்டுப் பாருங்கள். பெட்டி இல்லாமல் வரும் ட்ரே ப்ராசஸருக்கு நேரடி வாரண்டி இல்லை, விற்ற டீலர்தான் பொறுப்பு.

ப்ராசஸர் செகண்ட் ஹேண்டில் வாங்கத் தயங்க வேண்டாம், அது எளிதில் கெடாது. எஸ்எம்பிஎஸ், எஸ்எஸ்டி இரண்டையும் புதிதாக வாங்குங்கள். போர்டுதான் நடுவில் நிற்கும் சந்தேகக் கேஸ், டெஸ்டிங் வாரண்டியை அதற்காகத்தான் கேட்கிறோம்.

வாரண்டி நாட்கள் ஓடத் தொடங்கிய அன்றே கேம்களை நிறுவி, தினமும் இரண்டு மணி நேரமாவது தொடர்ந்து விளையாடுங்கள். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் எஃப்பிஎஸ், கார்டின் பயன்பாட்டு சதவீதம், ஒவ்வொரு த்ரெட்டின் சதவீதம் மூன்றையும் திரையில் போட்டு வையுங்கள். கார்டு 95 சதவீதத்துக்கு மேல் நின்றால் ப்ராசஸர் போதுமானது. கார்டு 60-இல் கிடக்க எஃப்பிஎஸ் ஏறாவிட்டால், ரெசல்யூஷனை 720-க்குக் குறைத்துப் பாருங்கள். அப்போதும் ஏறவில்லையென்றால் ப்ராசஸர் தரப்புதான் தடை. முதலில் ரேம் ஜோடியாக ஓடுகிறதா, எக்ஸ்எம்பி ஆனில் இருக்கிறதா, விண்டோஸ் பவர் பிளான் சேவரில் கிடக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தும் விளையாட முடியவில்லையென்றால், மாற்றிக் கொடுக்கும் நாட்கள் முடியும் முன் கடைக்குப் போங்கள்.

கணினியை அணைத்து, ஸ்விட்சையும் அணைத்து ஓர் இரவு விட்டுக் காலையில் ஆன் செய்து பாருங்கள். தேதி பின்னால் போயிருந்தால் சிஆர்2032 பேட்டரியை மாற்றினால் போதும். இரண்டு மூன்று முறை அணைந்து அணைந்து ஆன் ஆனால் போர்டோ எஸ்எம்பிஎஸ்ஸோ தகராறு செய்கிறது. அதை மொபைலில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். கடையில் வைத்துப் பார்க்கும்போது பெரும்பாலும் முதல் முயற்சியிலேயே ஆன் ஆகிவிடும்.